பளிச்சக்காவின் வெள்ளை டப்பா

திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் பளிச்சக்கா க்ரீம் கலப்பாள். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, பேசினுக்குப் பக்கத்து மேசையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைப்பாள். பெரிய டப்பாவிலிருந்து கோல்டு க்ரீமை வழித்துப் போடுவாள். சொறி, படைக்கு மருந்துக்கடையில் கொடுக்கிற ட்யூப்களை வரிசையாக வைத்துக்கொண்டு, மாசக் கடைசியில் பற்பசை பிதுக்குகிறவளைப் போல அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்குவாள். மேலே கொஞ்சம் பன்னீர். பிறகு ஒரு மரக்குச்சியால், கட்டி தட்டாமல், ஒரே பக்கமாகக் கலக்குவாள். இந்த வேலைக்கு யாரையும் கூட வைத்துக்கொள்வதில்லை. கலந்ததைச் சின்னச் சின்ன வெள்ளை டப்பாக்களில் நிரப்பி, விளிம்பில் வழிந்ததை விரலால் துடைத்து, அந்த விரலை உடனே சோப்புப் போட்டுக் கழுவுவாள். காலி ட்யூப்களைப் பேப்பரில் சுற்றிக் கணவரிடம் கொடுத்துவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் வேலைக்குப் போகிற வழியில் எங்கேயாவது ஒரு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்.

"நம்ம வீட்டுக் குப்பையிலயே போட்டா என்ன?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டார்.

"தொழில் ரகசியம்" என்றாள்.

"ஓகோ" என்றதோடு சரி. அதற்குமேல் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

பளிச்சக்கா என்பது வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் மோவாயைத் தொட்டுத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்து, "ஒரே மாசம். பளிச்சுன்னு ஆயிடும்" என்பாள். ஆகிவிடும்தான். அதில் பொய் இல்லை. மூன்றாவது வாரமே கன்னம் மினுமினுக்கும், பரு அடங்கும், கழுத்துக்கும் முகத்துக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் போல நிறம் பிரிந்து நிற்கும். வந்தவர்கள் அண்ணியையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அம்மா இறந்தபோது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மேடத்தின் பார்லரில் தரையில் கிடக்கிற முடியைக் கூட்டி அள்ளுகிற வேலைக்குச் சேர்ந்து, புருவம் திருத்தக் கற்று, ஃபேஷியல் கற்று, கடைசியில் இந்தக் க்ரீமையும் கற்றுக்கொண்டாள். மேடம் சொல்லிக் கொடுக்கவில்லை. கதவிடுக்கில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்தப் பார்லரில் கல்லாவில் உட்கார ஒரு பெண் இருந்தாள். கடைக்கு விளம்பரமே அவள் முகம்தான். மேடம் தினமும் தன் கையாலேயே அவளுக்குக் க்ரீம் போட்டுவிடுவார். சில வருஷங்கள் கழித்து அந்தப் பெண்ணின் கன்னம் வெங்காயச் சருகு மாதிரி ஆகி, உள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடியது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. வெளியே ஐந்து நிமிஷம் நடந்தால் அறை வாங்கியவள் போலச் சிவந்துவிடுவாள். ஒருநாள் வேலைக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. "அவளுக்கு ஒத்துக்கலை. ஒருத்தருக்கு ஒத்துக்கலைன்னா ஊரே பட்டினி கிடக்குமா?" என்றார் மேடம்.

ஒத்துக்கலை. அந்தச் சொல்லைப் பளிச்சக்கா பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். பின்னால் தன் கடையில் யாராவது எரிச்சல், அரிப்பு என்று வந்தபோதெல்லாம் அது கைகொடுத்தது. தன் முகத்தில் மட்டும் அந்தக் க்ரீமை அவள் ஒருநாளும் வைத்ததில்லை. அவள் கன்னத்தில் இரண்டு பக்கமும் தேத்தண்ணி கொட்டின மாதிரி மங்கு படர்ந்திருந்தது. "ஊருக்கெல்லாம் வெள்ளையடிக்கிறீங்க, உங்க வீட்டுச் சுவத்தைப் பாருங்கக்கா" என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். "எனக்கேதுடியம்மா நேரம்" என்று சிரிப்பாள்.

இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். க்ரீமை நிறுத்தியவர்கள் கொஞ்ச நாளில் ஓடி வருவார்கள். அடுத்த தெரு டீச்சர் அப்படித்தான். ஒருமுறை போதும் என்று விட்டவள், பத்தாம் நாள் முகமெல்லாம் கொப்புளமாக வந்து நின்றாள். "அக்கா, உங்க க்ரீமை விட்டேன், மூஞ்சியே போச்சு. இனிமே ஜென்மத்துக்கும் விடமாட்டேன்." மறுபடி போட்டதும் அடங்கிவிட்டது. பளிச்சக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம க்ரீம் இல்லாம அவங்க முகம் தாங்கமாட்டேங்குது" என்று கணவரிடம் சொன்னாள். நல்ல சரக்குக்கு இதைவிடச் சாட்சி எது என்று அவள் நினைத்தாள்.

தங்கையை எல்லாரும் சின்னவள் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்த்து, காதுப் பக்கம் வளைத்துக் கொடுக்க வேண்டும். அங்கே கண் பரிசோதனைக்கு வந்த நீச்சல் வாத்தியாரைத்தான் அவள் கட்டிக்கொள்வதாக இருந்தது. கடற்கரையில் இருக்கிற பெரிய ஓட்டலில் விருந்தாளிகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவர். நல்ல பையன். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறிக் கருங்காலிக் கட்டை மாதிரி இருப்பார்.

அந்த ஓட்டலில் ஒரு சலுகை இருந்தது. வேலை செய்கிறவர்கள் தங்கள் கல்யாணத்தை ஓட்டலின் மணலில், அவர்களுடைய பந்தலிலேயே, செலவில்லாமல் நடத்திக்கொள்ளலாம். ஆனால் காலையும் மாலையும் பணம் கட்டுகிற விருந்தாளிகளுக்கு. சும்மா கிடைப்பது உச்சி வெயில் நேரம் மட்டும்தான்.

"மத்தியானமா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "கல்யாணமா, கருவாடு காயப்போடறதா?"

"சும்மா குடுக்கற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதீங்க" என்றாள் பளிச்சக்கா.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா நன்றாகச் சிரித்துப் பேசினார். போகிற சமயத்தில்தான், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கடற்கரைன்னா வெளிச்சம் ஜாஸ்தி. ரெண்டு பேரும் கறுப்பா நின்னா போட்டோவுல பல்லு மட்டும்தான் தெரியும். என் புள்ளை வெயில்லயே கிடக்கறவன், அவனைத் தேய்ச்சாலும் போகாது. பொண்ணையாவது கொஞ்சம் பாத்துக்கங்க. உங்க கையிலதான் தொழில் இருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். பளிச்சக்கா எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். அவர்கள் போனதும் கணவர், "கறுப்பே அழகு, காந்தலே ருசின்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

"சொன்னவன் போட்டோவா எடுத்தான்?" என்றாள் பளிச்சக்கா.

அதுவரை சின்னவளுக்கு அவள் அந்த டப்பாவைக் கொடுத்ததில்லை. கேட்டபோதெல்லாம் "சின்ன வயசு, உனக்கெதுக்கு" என்று தட்டிக் கழித்திருந்தாள். அன்று மாலை தானே ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, "உக்காரு" என்றாள். கொஞ்சமாகத்தான், பட்டாணியளவு. கல்யாணம்வரைக்கும்தான். அதற்கப்புறம் நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

தினமும் பார்லர் மூடின பிறகு இது நடந்தது. சின்னவள் நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பளிச்சக்கா நெற்றியிலிருந்து ஆரம்பித்து வட்டம் வட்டமாகத் தடவுவாள். அம்மா போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது அந்த மாதங்களில்தான். கடையில் நடந்ததையெல்லாம் சின்னவள் சொல்லுவாள். மூக்கே இல்லாத மாதிரி மூக்குள்ள ஒருத்தர் வந்தார்க்கா, எந்தக் கண்ணாடி போட்டாலும் சறுக்கி விழுது, கடைசில என்னைத் திட்டிட்டுப் போறாரு. பளிச்சக்கா சிரித்துக்கொண்டே கழுத்துவரைக்கும் இழுத்துத் தடவி முடிப்பாள். பிறகு எழுந்து பேசினுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள்.

சின்னவள் பளிச்சென்று ஆனாள். கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் ஃப்ரேமைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில், "கை ராசிதான் உங்களுக்கு" என்றார். மாப்பிள்ளை மட்டும், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? வெளுத்துப் போயிருக்கே" என்று கேட்டதாகச் சின்னவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் அந்த ஓட்டலிலிருந்தே பளிச்சக்காவுக்கு ஒரு வேலை வந்தது. மாப்பிள்ளைதான் சொல்லிவிட்டிருந்தார். மணலில் கல்யாணம் செய்துகொள்ள வந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு அலங்காரம். பளிச்சக்கா முந்தின நாளே பார்க்கப் போனாள். கல்யாணப் பெண் கடற்கரையில் நீளமான நாற்காலியில் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தாள். கொஞ்ச நேரம் மல்லாந்து, கொஞ்ச நேரம் குப்புற. கறுக்க வேண்டுமாம். வெள்ளைத் துணிக்கு உடம்பு பழுப்பாக இருந்தால்தான் எடுக்குமாம்.

"இவ கறுக்கறதுக்குக் காசு குடுக்கறா, நம்மவங்க வெளுக்கறதுக்குக் காசு குடுக்கறாங்க" என்றாள் அந்த ஓட்டலின் மசாஜ்காரி. பருமனான, யாருக்கும் பயப்படாத பெண். "ரெண்டு பேரையும் ஒரே தொட்டியில போட்டு ஊற வெச்சா கணக்குத் தீந்துடும்."

மறுநாள் அலங்காரத்துக்கு உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணின் தோள் இரண்டும் சுட்ட கத்திரிக்காய் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் உடுப்பின் பட்டை மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக, இரண்டு கோடுகள். கல்யாணத் துணிக்குத் தோளே கிடையாது. பளிச்சக்கா தோல் உரிந்த இடத்தில் பூச்சை வைக்கும்போதெல்லாம் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மை கலைந்தது. மை கலைந்ததற்காக மறுபடி அழுதாள்.

வெளியே வந்ததும் மசாஜ்காரி சொன்னாள்: "நல்ல தோலுக்கே இந்தக் கதி. வெளுக்கற க்ரீம் ஏதாவது போடறவங்களா இருந்தா மத்தியானத்துல இந்த மணலுக்கு வரவே கூடாது. போன வருஷம் ஒரு பொண்ணு மேடையிலயே மயங்கி விழுந்துச்சு. மூஞ்சி தீயில காட்டின மாதிரி. கீழேயிருந்தும் சூடு, மேலேயிருந்தும் சூடு. ஆமா, உங்க தங்கச்சிக்கு எப்ப?"

பளிச்சக்கா எப்பவென்று சொன்னாள்.

"ஐயோ, அந்த நேரத்துலயா? இருங்க" என்று மசாஜ்காரி உள்ளே போய், யாரோ ஒரு விருந்தாளி விட்டுப்போன சன்ஸ்கிரீன் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முக்கால்வாசி இருந்தது. "ஒரிஜினல். இப்பலேந்தே பழக்குங்க. முக்கியமா, வேற எதையும் தடவாதீங்க."

பஸ்ஸில் வரும்போது புட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் பல வருஷம் கழித்து வந்து போனது. மணலில் அந்த முகத்தோடு சின்னவள் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் சின்னவளின் டப்பாவை வாங்கி அலமாரியில் மேலே வைத்தாள். "இனிமே இது வேணாம். காலையில, மத்தியானம், வெளியே கிளம்பறப்பல்லாம் இந்தப் புட்டி மட்டும்."

"ஏன்க்கா?"

"வெயிலுக்கு இது ஆகாது. பழக்கிக்கணும்."

அவள் வாழ்க்கையில் இந்தக் க்ரீம் விஷயத்தில் நல்லதை நினைத்துச் செய்த ஒரே காரியம் அதுதான். சீக்கிரமே நிறுத்திவிட்டால் முகம் தேறிவிடும் என்று நம்பினாள். நிறுத்தியவர்கள் எல்லாரும் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அதை அவள் வியாதியாக நினைத்திருந்தால்தானே நினைவுக்கு வரும்?

முதல் சில நாள் ஒன்றுமில்லை. பிறகு கன்னத்தில் குறுகுறுப்பு. அப்புறம் ஒரு காலையில் சின்னவள் குளியலறையிலிருந்து "அக்கா!" என்று கத்தினாள். முகம் வீங்கி, செங்கல் நிறத்தில், மூக்கின் இரண்டு பக்கமும் சீழ் கோத்த சின்னச் சின்னப் பருவாக இருந்தது. தண்ணீர் பட்டாலே எரிந்தது.

"உன் புட்டிதான்! யாரோ போட்ட மிச்சத்தை வாங்கிட்டு வந்து எனக்குத் தடவிட்டே!" சின்னவள் சன்ஸ்கிரீன் புட்டியை எடுத்துக் குப்பையில் எறிந்தாள்.

புட்டியின்மேல் பழி விழுந்ததில் ஒரு கணம் பளிச்சக்காவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். டீச்சரின் முகத்தில் பார்த்தது. எத்தனையோ பேர் முகத்தில், அதே நாற்காலியில், மோவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தது. "பாத்தீங்களா, நம்ம க்ரீமை விட்டா இப்படித்தான்" என்று தானே சொன்னது.

கண்ணாடிக் கடை முதலாளி சின்னவளை முன்பக்கம் நிற்க வேண்டாம் என்று பின்னறையில் லென்ஸ் துடைக்க விட்டார். வீட்டில் லிஃப்ட் மெக்கானிக், "கல்யாணக் களைன்னா இப்படியா வரும்?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சாப்பிட்டார்.

தோல் டாக்டரிடம் சின்னவள்தான் பிடிவாதமாகப் போனாள். பளிச்சக்கா கூடப் போனாள். டாக்டர் வயசான பெண்மணி. விளக்கை இழுத்து முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன போட்டீங்கம்மா?" என்றார்.

"சன்ஸ்கிரீன் டாக்டர். அது போட்ட பிறகுதான்."

"அது பாவம், அதை விடுங்க. அதுக்கு முன்னாடி?"

சின்னவள் கைப்பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்தாள். பளிச்சக்கா டப்பாவையே பார்த்தாள். அலமாரியில் மேலே வைத்ததை எப்போது எடுத்தாள்? டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது யார் பண்றது?"

"எங்கக்காதான், டாக்டர். சொந்தத் தயாரிப்பு" என்றாள் சின்னவள். வழக்கமான பெருமையோடுதான் ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் தேய்ந்துவிட்டது.

டாக்டர் பளிச்சக்கா பக்கம் திரும்பினார். "என்ன போடறீங்க இதுல?"

"கோல்டு க்ரீம்... பன்னீர்..."

"அப்புறம்?"

"மருந்துக்கடையில குடுக்கறதுதாங்க."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பளிச்சக்காவும் ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருப்பாள். அவர் சின்னவளிடமே பேசினார். "குடிக்கறவனுக்குக் குடியை நிறுத்தினா கை நடுங்கும் பாத்திருக்கீங்களா? உங்க தோலுக்கு இப்ப அந்த நிலைமை. இதைப் போட்டா ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். அதுதான் இதுல இருக்கற மோசம். போடப் போடத் தோல் நைஞ்சுக்கிட்டே வரும், விடவும் முடியாது. விட்டுட்டீங்க, நல்லது. கஷ்டப்பட்டுப் பொறுத்துக்கணும். மாசக்கணக்குல ஆகும். வெயில் படவே கூடாது."

"அடுத்த வாரம் கல்யாணம், டாக்டர்."

"எந்த மண்டபம்?"

"மண்டபம் இல்ல. கடற்கரையில. மத்தியானம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். டப்பாவை மூடி மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டே, "தள்ளி வெக்க முடியாதா?" என்றார். பிறகு பளிச்சக்காவைப் பார்த்து, "இதை எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?" என்றார். அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள். பளிச்சக்கா சட்டென்று எழுந்துகொண்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சின்னவளின் முகத்தைப் பார்த்து "அம்மையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வேறு இடம் தேடிப் போனாள். சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வந்து பார்த்தார். "எனக்கு எல்லாருமே தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் போட்ட மூஞ்சிதான். ஒருத்தர் மூஞ்சியும் ஞாபகம் இருக்காது. இதுக்கா அழறே?" என்றார். கல்யாணத்தில் பெரிய குடை பிடிக்கிறேன் என்றார். தள்ளிவைக்கலாமா என்று அவரே கேட்டும் பார்த்தார். அன்று சாயங்காலம் அவருடைய அம்மா பளிச்சக்காவுக்குப் போன் செய்தார். இந்தத் தடவை சிரிப்பில்லை. "தள்ளி வெச்சா ஏன்னு கேப்பாங்க. சொந்தக்காரங்க வாய் சும்மா இருக்குமா? பொண்ணுக்கு ஏதோ வியாதின்னு ஒருத்தர் ஆரம்பிச்சாப் போதும். இப்பவே என் நாத்தனார் அது ஒட்டுமான்னு கேக்கறா. எப்படியாவது சரி பண்ணுங்க. உங்க தொழில்தானே இது?"

இதைச் சின்னவளும் கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, சின்னவள் பார்லருக்கு வந்தாள். பாதி இறங்கின ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பளிச்சக்கா அன்று கலக்கவில்லை. போன வாரம் கலந்த டப்பாக்கள் மட்டும் அலமாரியில் வரிசையாக இருந்தன. அவள் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போடு" என்றாள் சின்னவள்.

"என்ன?"

"அதைத்தான். ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்னு டாக்டரே சொன்னாங்கல்ல? கல்யாணம் முடியட்டும். அப்புறம் எரிஞ்சா எரியட்டும்."

"வேணாம்டி. டாக்டர் சொன்னதைக் கேட்டல்ல?"

"கேட்டேன். நீயும்தான் கேட்டே. மணல்ல நான் எப்படி நிக்கறது? எல்லாரும் ஒட்டுமா ஒட்டாதான்னு பாக்கறப்ப எப்படி நிக்கறது?"

"ஒருநாள் கூத்து. நான் பூச்சு வெச்சு மறைச்சுடறேன். உன் முகம்டி அது. எனக்கு உன் முகம் முக்கியம்."

சொன்னது மனசாரத்தான். பளிச்சக்கா ஒரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சின்னவளின் முகத்தில் போட்டாள். "கண்ணை மூடிக்கோ. கொஞ்சம் ஆறும்."

சின்னவள் துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அப்படியே விட்டிருந்தால் அவள் ஒருவேளை கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஷட்டர் தட்டும் சத்தம். அடுத்த தெரு டீச்சர் குனிந்து தலையை உள்ளே நீட்டினாள்.

"அக்கா, லீவுன்னு தெரியும். கோவிச்சுக்காதீங்க. டப்பா தீந்துபோய் ரெண்டு மூணு நாளாச்சு. திகுதிகுன்னு எரியுது. ஒண்ணே ஒண்ணு." பிறகு நாற்காலியைப் பார்த்து, "அட, கல்யாணப் பொண்ணா! துண்டைப் போத்திக்கிட்டு என்ன ரகசிய வேலை நடக்குது? நடக்கட்டும், நடக்கட்டும். அக்கா இருக்கறப்ப உனக்கென்னடி கவலை!"

துண்டு அசையவில்லை.

பளிச்சக்கா டீச்சரின் கன்னத்தைப் பார்த்தாள். சிவப்பு தொடங்கியிருந்தது. இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்குக் கொப்புளம். நாளைக்கு இவள் தெருவெல்லாம் கேட்பாள். ஏன் இல்லை, என்ன ஆச்சு என்று கேட்பாள். அலமாரிப் பக்கம் கை போனது. எத்தனையோ வருஷமாகப் போய் வந்த கை. டப்பாவை எடுத்து, விளிம்பை விரலால் துடைத்து, ஷட்டருக்கு அடியில் நீட்டினாள்.

"நீங்க மகராசியா இருக்கணும்" என்று டீச்சர் போய்விட்டாள்.

பளிச்சக்கா பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்தாள். நிமிர்ந்தபோது எதிர்க் கண்ணாடியில் சின்னவளின் முகம் தெரிந்தது. துண்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம்னே. அவங்களுக்குக் குடுத்தே."

"அவங்களுக்கு எரியுதுன்னு..."

"எனக்கு எரியலையா?"

பளிச்சக்கா சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தினமும் எனக்குப் போட்டு முடிச்சதும் இப்படித்தான் போய் சோப்புப் போட்டுக் கழுவுவே" என்றாள் சின்னவள். மெதுவாகத்தான் பேசினாள், ஃப்ரேமின் காதுப் பக்கத்தை வளைத்துப் பார்க்கிறவளைப் போல. "வெறுமனே தண்ணி இல்ல. துண்டுல துடைக்கறதும் இல்ல. சோப்பு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டே இருப்பேன். எங்கக்கா எவ்வளவு சுத்தம்னு நெனச்சுக்குவேன்."

எழுந்து நின்றாள். நேராக அலமாரிக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்தாள். வரிசையில் இன்னொரு இடம் காலியானது. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பளிச்சக்கா தடுக்கப் போனாள். நுரைக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றாள்.

சின்னவள் ஷட்டருக்குப் பக்கத்தில் போய்த் திரும்பினாள்.

"இது இப்படித்தான்னு உனக்கு எப்பலேந்துக்கா தெரியும்?"

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பளிச்சக்கா அதை நிறுத்தத் திரும்பினாள். திருகினாள். இன்னும் இறுக்கித் திருகினாள். தண்ணீர் நின்ற பிறகும் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

சின்னவள் நின்று பார்த்தாள். பிறகு குடையை அங்கேயே விட்டுவிட்டு, குனிந்து, ஷட்டருக்கு அடியில் வெயிலுக்குள் போனாள்.